செவீயாவில் ஒரு செமஸ்டர்: அமெரிக்காவிலிருந்து ஸ்பெயினுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டில் ஒரு செமஸ்டரை வேறு நாட்டில் படித்துவிட்டு வருவது ரொம்ப நாள் வழக்கம். 1923இல் டெலவேர் பல்கலைக்கழகம் எட்டு மாணவர்களைக் கப்பலேற்றி பிரான்ஸுக்கு அனுப்பியதில் தொடங்கியது. நம் வீடுகளில் மட்டும் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே மூன்று கேள்வி வரும்: படிப்பு தள்ளிப்போகாதா, செலவை யார் பார்ப்பது, சாப்பாட்டுக்கு என்ன செய்வாய். மூன்றும் நியாயமான கேள்விகள், மூன்றுக்கும் பதில் இருக்கிறது. நான் அமெரிக்காவில் இளங்கலை படித்தபோது ஒரு வசந்தகால செமஸ்டரைத் தெற்கு ஸ்பெயினில் உள்ள செவீயாவில் கழித்தேன். அந்த ஊரை வைத்தே இதை எழுதுகிறேன். எல்லா ஊருக்கும் பொதுவாக எழுதினால் யாருக்கும் பயன்படாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் எல்லாமே அதைச் சுற்றித்தான். அந்த ஊரின் கடிகாரத்துக்கு உங்களை மாற்றிக்கொள்ளுங்கள். எப்போது சாப்பிடுகிறார்கள், எப்போது கடையை அடைக்கிறார்கள், எப்போது தெருவுக்கு வருகிறார்கள் என்று பார்த்து அதன்படி நடந்தால் ஊர் தானாகவே உங்களைச் சேர்த்துக்கொள்ளும். அமெரிக்க நேரத்தில் அமெரிக்க நண்பர்களோடு மட்டும் இருந்தால் நான்கு மாதமும் விடுமுறைக்கு வந்தவராகவே இருந்துவிட்டுப் போவீர்கள்.

படி 1: கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பு, காகித வேலை

உங்கள் கல்லூரியின் வெளிநாட்டுக் கல்வி அலுவலகத்துக்குப் போய், எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ளப்படும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. பட்டம் தள்ளிப்போகுமோ என்ற வீட்டாரின் பயத்துக்கு இந்த ஒரு தாள்தான் மருந்து. உங்கள் கல்லூரி ஒப்புக்கொண்ட திட்டம் என்றால் அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவியை அதற்கும் பயன்படுத்தலாம். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அமெரிக்க அரசு தரும் பெல் கிராண்ட் பெறும் அமெரிக்கக் குடிமக்கள், வெளிநாட்டில் படிக்க அதே அரசு தரும் கில்மன் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம், 5,000 டாலர் வரை கிடைக்கும்.

அடுத்தது விசா. அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்தால் 90 நாள் வரை விசா இல்லாமல் இருக்கலாம், ஆனால் ஒரு செமஸ்டர் அதைத் தாண்டிவிடும், அதனால் மாணவர் விசா கட்டாயம். உங்கள் மாநிலம் எந்த ஸ்பானிஷ் கான்சுலேட்டுக்குக் கீழ் வருகிறதோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதிக் கடிதம், ஸ்பெயினில் செல்லுபடியாகும் மருத்துவக் காப்பீடு, பணம் இருப்பதற்கான சான்று, தங்குமிடச் சான்று எல்லாம் கேட்பார்கள். 180 நாளுக்கு மேல் தங்குவதாக இருந்தால் குற்றப்பின்னணி இல்லை என்ற சான்றும் மருத்துவச் சான்றும் கூடுதலாக வேண்டும், அங்கே போய் வெளிநாட்டவர் அடையாள அட்டையும் எடுக்க வேண்டும். பாஸ்போர்ட் வாரக்கணக்கில் கான்சுலேட்டிலேயே இருக்கலாம், அதனால் அந்தச் சமயத்தில் சென்னை டிக்கெட் எதுவும் போட்டு வைக்காதீர்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் எஃப்-1 மாணவர் விசாவோடு அமெரிக்காவில் படிக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் காலத்தில் உங்கள் மாணவர் நிலை தொடருமா, கல்லூரி தந்த ஐ-20 மாணவர் சான்றில் என்ன கையெழுத்து வேண்டும், திரும்பி வர விசா முத்திரைக்குக் காலம் இருக்கிறதா, இந்த மூன்றையும் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலரிடம் நேரில் உட்கார்ந்து கேட்டுவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். நண்பர் சொன்னார் என்பது இதில் செல்லாது.

படி 2: பெட்டியில் என்ன

வீட்டில் போடும் செருப்பு. இதைத்தான் முதலில் எழுதுவேன், காரணம் கீழே வருகிறது. அப்புறம் ஜனவரி, பிப்ரவரிக்குக் கனமான ஸ்வெட்டர். செவீயா வெயில் ஊர் என்று நினைத்து மெல்லிய துணியோடு போகிறவர்கள் வீட்டுக்குள்ளேயே நடுங்குவார்கள். அங்கே வீடுகள் கோடையைத் தாங்கக் கட்டியவை, தரை சலவைக்கல், அமெரிக்க வீடுகளைப் போல வீடு முழுக்கச் சூடாக்கும் வசதி பல இடங்களில் கிடையாது.

அமெரிக்காவில் வாங்கிய ரைஸ் குக்கர், மிக்ஸி, முடி உலர்த்தி எதுவும் வேண்டாம். அங்கே மின்சாரம் 230 வோல்ட், செருகியதும் கருகிவிடும். லேப்டாப், போன் சார்ஜர்களுக்குப் பிரச்சினை இல்லை, உருண்டைக் கால் அடாப்டர் ஒன்று போதும். சாப்பாட்டுச் சாமானில் இட்லிப்பொடி, பருப்புப்பொடி, ஊறுகாய் எடுத்துக்கொள்ளலாம். நெய், பால்கோவா, பால் இனிப்புகள் கூடாது. பால், இறைச்சிப் பொருட்களை வெளியிலிருந்து பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலையையும் அம்மாவிடம் சொல்லி எடுத்து வைக்கச் சொல்லாதீர்கள், செடி கொடிக்கும் சான்றிதழ் கேட்பார்கள்.

படி 3: தங்குமிடம். யோசிக்காமல் ஒரு குடும்பத்தோடு தங்குங்கள்

அமெரிக்க மாணவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வழி கொடுப்பார்கள்: மற்ற மாணவர்களோடு அடுக்ககம், அல்லது உள்ளூர்க் குடும்பத்தில் ஹோம்ஸ்டே. அடுக்ககத்தில் சுதந்திரம் அதிகம், நான்கு மாதமும் ஆங்கிலம்தான் பேசுவீர்கள். ஹோம்ஸ்டேயில் ஒரு வயதான அம்மாவோ ஒரு தம்பதியோ உங்களுக்குச் சமைத்துப் போட்டு, நீங்கள் பேசும் அரைகுறை ஸ்பானிஷைப் பொறுமையாகக் கேட்டுத் திருத்துவார்கள். நான் தங்கியது ஆற்றுக்கு அக்கரையில் திரியானா பகுதியில், கணவரை இழந்து தனியாக இருந்த ஓர் அம்மா வீட்டில். வகுப்பில் கற்றதைவிட அவர் சமையலறை வாசலில் நின்று கற்றதுதான் எனக்கு இன்றும் நாக்கில் நிற்கிறது.

வீட்டுக்குள் சில வழக்கங்கள் உண்டு, யாரும் பட்டியல் போட்டுச் சொல்ல மாட்டார்கள், நீங்களே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வெறுங்காலோடு நடக்காதீர்கள். நமக்குச் செருப்பை வாசலில் கழற்றுவதுதான் மரியாதை, அங்கே சலவைக்கல் தரையில் வெறுங்காலோடு நடந்தால் சளி பிடிக்கும், அசுத்தம் என்று வீட்டு அம்மா பதறுவார். அதற்குத்தான் அந்த வீட்டுச் செருப்பு.

மின்சாரமும் வெந்நீரும் அவர்களுக்குப் பெரிய செலவு. அறையை விட்டு வெளியே வந்தால் விளக்கை அணைத்துவிடுங்கள், குளியலை ஐந்து நிமிடத்தில் முடியுங்கள். பல வீடுகளில் வெந்நீர் கேஸ் சிலிண்டரில்தான் ஓடுகிறது, நீங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர். துணி உலர்த்தும் இயந்திரம் இருக்காது, மொட்டைமாடியில் கொடி கட்டியிருப்பார்கள். குளிர்காலத்தில் வட்ட மேசைக்கு அடியில் ஒரு சின்ன ஹீட்டரை வைத்து மேலே கனமான துணியைத் தரை வரை தொங்க விட்டிருப்பார்கள், எல்லோரும் காலை அதற்குள் நீட்டிக்கொண்டு டிவி பார்ப்பார்கள். உங்கள் அறையில் தனியாகக் குளிரில் விறைத்துக்கொண்டு போனை நோண்டாமல் அந்த மேசைக்கு வந்து உட்காருங்கள். உங்கள் ஸ்பானிஷ் வளரும் இடம் அதுதான். வெயில் காலத்தில் ஜன்னல்களின் உருட்டுத் தட்டிகளைப் பகலில் முழுக்க இறக்கி வீட்டை இருட்டாக்கி வைப்பார்கள். அதைத் தூக்கிவிடாதீர்கள், மே மாத இறுதியிலேயே வெயில் மண்டையைப் பிளக்கும்.

சமையலறையைப் பெரும்பாலும் உங்களுக்குத் தர மாட்டார்கள். நண்பர்களை வீட்டுக்கு அழைப்பதற்கு முன் கேளுங்கள், இரவு தங்க வைப்பது அநேகமாக முடியாது. சாப்பாட்டுக்கு வர முடியாது என்றால் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள், தட்டு வைத்துக் காத்திருப்பார்கள்.

படி 4: சாப்பாடு, அதன் நேரம்

காலையில் காபியும் ஒரு பிஸ்கட்டும், அவ்வளவுதான். பத்து, பதினொரு மணிக்கு வேலையிலிருந்தும் வகுப்பிலிருந்தும் எழுந்து வந்து பாரில் இரண்டாவது காலை உணவு: சுட்ட ரொட்டி மேல் அரைத்த தக்காளி, ஆலிவ் எண்ணெய், உப்பு. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான், அதுதான் நாளின் பெரிய சாப்பாடு. சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்குச் சின்னதாக ஏதாவது. இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு இலேசான சாப்பாடு. மாலை ஆறு மணிக்கு இரவுச் சாப்பாடு தேடினால் சுற்றுலாப் பயணிகளுக்கான உணவகம்தான் கிடைக்கும், விலையும் அதிகம், ருசியும் இருக்காது.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போவது அங்கே முகத்தில் அடித்தது போல் ஆகிவிடும். அரை மணி, ஒரு மணி அப்படியே உட்கார்ந்து பேசுவார்கள். ஸ்பானிஷ் புரியாத முதல் சில வாரங்களில் இது கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் உட்காருங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: விண்ணப்பப் படிவத்திலேயே இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், பன்றித்தொடை வேண்டாம் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள், முட்டை உண்டா இல்லையா என்பதையும். வெறுமனே "சைவம்" என்று மட்டும் எழுதினால் சாலடில் டூனா வரும், பருப்பில் சோரிசோ தொத்திறைச்சி மிதக்கும், சூப்பின் மேல் ஹமோன், அதாவது அந்தப் பன்றித்தொடை, துண்டுகளாகத் தூவி வரும். கடையில் கேட்கும்போதும் "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்" என்று மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பயப்படவும் வேண்டாம். செவீயாவின் பேர்போன பண்டங்களில் ஒன்றே கீரையும் கொண்டைக்கடலையும் சீரகமும் பூண்டும் போட்டுச் சமைக்கும் எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ். முதல் வாய் வைத்ததும் வீட்டு ஞாபகம் வரும். குளிர்ந்த தக்காளி சூப்பான கஸ்பாச்சோ, உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்த தொர்த்தில்யா, தேன் ஊற்றிய வறுத்த கத்தரிக்காய், காய்கறிகளை வதக்கிச் செய்யும் பிஸ்தோ என்று வண்டி ஓடும். தக்காளியும் ரொட்டியும் அரைத்த கெட்டியான குளிர் சூப்பான சல்மொரேஹோவைக் கேட்கும்போது மேலே ஹமோன் போடாமல் தரச் சொல்லுங்கள். இனிப்புக்கு, அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து எலுமிச்சைத் தோலும் இலவங்கப்பட்டையும் போட்ட அரோஸ் கோன் லெச்சே.

பாரில் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கேட்கலாம், சட்டமே அப்படித்தான். டிப்ஸ் அமெரிக்கக் கணக்கில் இருபது சதவீதம் எல்லாம் கிடையாது, சில்லறையை விட்டால் போதும். பில்லை நீங்கள் கேட்காமல் கொண்டுவர மாட்டார்கள், அதைத் தாமதம் என்று நினைக்காதீர்கள்.

படி 5: முதல் வாரம்

சிம் கார்டு வாங்கப் பாஸ்போர்ட் வேண்டும். ஊருக்குள் தூசாம் பேருந்து அட்டை ஒன்று வாங்கி ரீசார்ஜ் செய்துகொள்ளுங்கள். மெட்ரோ இருக்கிறது, 2009இல் திறந்த ஒரே ஒரு பாதையை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்ற முடியாது. ஊர் தட்டையாக இருப்பதாலும் சைக்கிள் பாதைகள் நன்றாக இருப்பதாலும் செவிசி வாடகை சைக்கிள் மாணவர்களுக்கு மிகவும் ஏற்றது, பழைய நகரத்தில் நடைதான்.

சிறு கடைகள் மதியம் இரண்டு மணி வாக்கில் அடைத்து ஐந்து, ஐந்தரைக்குத் திறக்கும். ஞாயிறு அன்று பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளும் பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். தலைவலி மாத்திரைகூட மருந்துக் கடையில்தான் கிடைக்கும், பச்சைச் சிலுவை விளக்கைப் பாருங்கள், மருந்தாளுநரிடம் உடம்புக்கு என்ன என்று சொன்னால் நிதானமாகக் கேட்டு வழி சொல்வார். அவசரத்துக்கு 112.

கதீட்ரலைச் சுற்றிச் சில பெண்கள் ரோஸ்மேரி கொத்தைக் கையில் திணித்துக் கைரேகை பார்த்துவிட்டுப் பணம் கேட்பார்கள், வாங்காமல் நகருங்கள். தெருவோர மரங்களில் ஆரஞ்சு காய்த்துத் தொங்கும், பறித்துக் கடிக்காதீர்கள், அது கசப்பு ரகம்.

வீட்டுக்குப் போன் பேசும் நேரத்தையும் இந்த வாரமே முடிவு செய்யுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு ஆறு மணி நேர வித்தியாசம், மார்ச்சில் இரண்டு மூன்று வாரம் ஐந்து, ஏனென்றால் அமெரிக்கா கடிகாரத்தை முன்பே மாற்றிவிடும். தமிழ்நாட்டுக்குக் குளிர்காலத்தில் நாலரை, கோடையில் மூன்றரை மணி நேரம். மதியச் சாப்பாடு முடிந்து நீங்கள் ஓய்வாக இருக்கும்போது ஊரில் தாத்தா பாட்டி விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நியூஜெர்சியில் இருந்து பேசுவதைவிட செவீயாவிலிருந்து பேசுவது எளிது.

படி 6: வகுப்பு

அமெரிக்க மாணவர்களுக்கென்றே தனியாக நடத்தும் வகுப்புகள் எளிதாக இருக்கும், ஆனால் குறைந்தது ஒரு பாடமாவது செவீயா பல்கலைக்கழகத்தில் உள்ளூர் மாணவர்களோடு நேரடியாக எடுங்கள். 1505இல் தோன்றிய பல்கலைக்கழகம் அது, அதன் தலைமைக் கட்டடம் பதினெட்டாம் நூற்றாண்டின் அரச புகையிலைத் தொழிற்சாலை, அந்த முற்றங்களில் நடந்து வகுப்புக்குப் போவதே தனி அனுபவம்.

மதிப்பெண் பத்துக்கு. ஐந்து எடுத்தால் தேர்ச்சி, ஏழு நல்ல மதிப்பெண், ஒன்பது மிக அரிது. அமெரிக்காவைப் போல வாராவாரம் வீட்டுப்பாடம், குட்டித் தேர்வு என்று புள்ளி சேர்ந்துகொண்டே போகாது, இறுதித் தேர்வுக்குப் பாரம் அதிகம். ஒன்றும் கேட்கவில்லையே என்று சும்மா இருந்தால் கடைசியில் மாட்டிக்கொள்வீர்கள். இலையுதிர் செமஸ்டரில் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அங்கே தேர்வு கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரியில். டிசம்பரில் திரும்ப வேண்டியவர்கள் செப்டம்பரிலேயே பேராசிரியரிடம் பேசி மாற்றுத் தேதி வாங்கிவிடுங்கள்.

செவீயா இருக்கும் ஆந்தலூசியா வட்டாரத்தின் உச்சரிப்பு முதலில் திணறடிக்கும், சொல்லின் கடைசி எழுத்துகளை விழுங்கிவிடுவார்கள். அதற்கு ஒரே வழி ஆளோடு பேசுவது. ஆங்கிலம் பழக விரும்பும் உள்ளூர் மாணவர் ஒருவரைப் பிடித்து, ஒரு மணி நேரம் அவர் மொழி, ஒரு மணி நேரம் உங்கள் மொழி என்று வாரம் ஒருமுறை காபி குடியுங்கள்.

படி 7: உங்களை யார் என்று கேட்பார்கள்

"அமெரிக்கா" என்று சொன்னதும் "இல்லை, உண்மையில் எங்கே" என்ற அடுத்த கேள்வி வரும். நிறத்தைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் நேராகவே பேசுவார்கள். பலரும் ஆர்வத்தில் கேட்பதுதான், ஆனால் எல்லாமே அப்படி என்று சொல்ல மாட்டேன், சில பேச்சு வலிக்கும். அமெரிக்காவில் பிறந்தவர், பெற்றோர் தென்னிந்தியா, வீட்டில் தமிழ் என்று மூன்று வாக்கியம் ஸ்பானிஷில் தயார் செய்து வையுங்கள். தமிழ் எழுத்தில் அவர்கள் பெயரை எழுதிக் காட்டுங்கள், பேச்சு நல்ல பக்கம் திரும்பும். மனம் நோகும்படி யாராவது நடந்தால் திட்ட ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள், சகித்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

படி 8: புனித வாரமும் ஃபேரியாவும்

வசந்தகால செமஸ்டரைத் தேர்ந்தெடுக்க இதுவே பெரிய காரணம். மார்ச்சில் ஆரஞ்சுப் பூ மணம் ஊரெல்லாம் நிறையும், அதைத் தொடர்ந்து குருத்தோலை ஞாயிறு முதல் ஈஸ்டர் வரை புனித வாரம். 60க்கும் மேற்பட்ட சகோதர சபைகள் தத்தம் கோயிலிலிருந்து கிறிஸ்து, மாதா சொரூபங்களைப் பெரிய மேடைகளில் ஏற்றிக் கதீட்ரல் வரை ஊர்வலமாகக் கொண்டுபோய்த் திரும்புகின்றன. மேடையைத் தூக்குகிறவர்கள் அதன் அடியில், திரைக்குள், கழுத்துப் பிடரியில் பாரம் தாங்கி, வெளியே எதையும் பார்க்காமல் தலைவரின் குரலுக்கு அடி எடுத்து வைப்பார்கள். சப்பரம் தூக்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கணத்தில் உடம்பு சிலிர்க்கும்.

கூம்புத் தொப்பியும் முகமூடியுமாக வரும் பக்தர்களைக் கண்டதும் அமெரிக்க மாணவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும், அமெரிக்காவின் வெள்ளை இனவெறி இயக்கமான கு கிளக்ஸ் கிளான் நினைவு வந்துவிடும். எந்தத் தொடர்பும் இல்லை, பாவத்துக்கு வருந்தி முகம் மறைத்து நடக்கும் இந்த உடை அந்த இயக்கத்துக்குப் பல நூற்றாண்டு முந்தையது. கூட வரும் நண்பர்களுக்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

பலர் அந்த வார விடுமுறையில் பாரிஸுக்குப் பறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். குறிப்பாக வியாழன் இரவு விடிய விடிய நடக்கும் மத்ருகாவில் தூங்காமல் இருங்கள், ஊர் கொண்டாடும் மாதா சொரூபங்களான மக்கரேனாவும் திரியானாவின் எஸ்பெரான்சாவும் வெளியே வரும் இரவு அது. வசதியான ஷூ, ஒரு ஜாக்கெட், பை முன்பக்கம். அரைக்கால் சட்டையோடு போகாதீர்கள், ஊரே நல்ல உடையில் இருக்கும். பால்கனியில் யாராவது சொரூபத்தைப் பார்த்துச் சயேத்தா என்ற பக்திப் பாட்டைப் பாடத் தொடங்கினால் தெரு முழுக்க அமைதியாகிவிடும், நீங்களும் பேச்சை நிறுத்துங்கள்.

ஈஸ்டர் முடிந்து ஓரிரு வாரத்தில் லோஸ் ரெமேதியோஸ் பகுதியில் ஃபேரியா திருவிழா. 1847இல் மாட்டுச் சந்தையாகத் தொடங்கியது, இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூடாரங்கள், பகலில் குதிரை வண்டிகள், இரவெல்லாம் ஆட்டம். கூடாரங்களில் பெரும்பாலானவை குடும்பங்களுக்கும் சங்கங்களுக்கும் சொந்தமானவை, அழைப்பு இல்லாமல் நுழைய முடியாது. வீட்டு அம்மாவிடம் தைரியமாகக் கேளுங்கள், அவருடைய தங்கை மகனுக்கோ பக்கத்து வீட்டாருக்கோ ஒரு கூடாரத்தில் இடம் இருக்கும். இல்லாவிட்டால் எல்லோரும் நுழையக்கூடிய வட்டாரக் கூடாரங்கள் உண்டு. ஒரு மாதம் முன்பே செவீயானாஸ் ஆட்டத்தின் நான்கு பகுதிகளையும் கற்றுக்கொள்ளுங்கள், ஊரில் வகுப்புகள் நிறைய. ஆடத் தெரிந்தவரை ஓரமாக நிற்க விட மாட்டார்கள். ரெபுஹிதோ என்ற பானம் எலுமிச்சை சோடா போல இறங்கும், உள்ளே இருப்பது ஷெர்ரி வகை ஒயின், கவனம்.

படி 9: வார இறுதிகள்

மலிவு விமானத்தில் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு நாடு என்று ஓடாதீர்கள். பாதி வார இறுதிகளாவது ஊரிலேயே இருங்கள், ஞாயிறு மதியம் குடும்பங்கள் கூடும் நேரத்தில் நீங்கள் அங்கே இருந்தால்தான் அடுத்த ஞாயிறும் அழைப்பார்கள். வெளியே போக வேண்டும் என்றால் பக்கத்திலேயே பார்க்க நிறைய இருக்கிறது: அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரத்தில் கொர்தோபா, மே மாதம் என்றால் அங்கே வீட்டு முற்றங்களைப் பூத்தொட்டிகளோடு திறந்து வைப்பார்கள். பேரரசர் டிராஜன் பிறந்த ரோமானிய நகரம் இத்தாலிகா பேருந்து தூரம். காதிஸில் கடல். கிரானாதாவின் அல்ஹம்பிரா அரண்மனைக்கு மட்டும் பல வாரம் முன்பே டிக்கெட் எடுத்து வையுங்கள்.

படி 10: திரும்பும் முன்

ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டம், எழுதிய கட்டுரைகள், பேராசிரியரின் மின்னஞ்சல் முகவரி எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள், அமெரிக்காவில் ஏதாவது ஒரு துறை இந்தப் பாடம் சமம்தானா என்று சந்தேகம் கேட்டால் அதுதான் கைகொடுக்கும். மதிப்பெண் பட்டியல் வந்துசேர மாதங்கள் ஆகலாம், பட்டமளிப்பு நெருங்கியவர்கள் கல்லூரிப் பதிவாளரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டு அம்மாவுக்கு விலை உயர்ந்த பரிசு எதுவும் வேண்டாம், நீங்களும் அவரும் சேர்ந்து எடுத்த படங்களில் ஒன்றிரண்டை அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுங்கள், நீங்கள் அமெரிக்கா வந்து சேர்ந்ததும் முதல் செய்தி உங்கள் வீட்டுக்கு, இரண்டாவது செய்தி அவருக்கு.